ஐந்தரை மணிக் குரல்

நோன்பு மாதத்தின் இருபத்து மூன்றாம் நாள் மதியம், செமாராங் நகரின் சந்தைத் தெருவில் இருந்த லுகித்தோவின் மருந்துக்கடைக்குள் லஸ்மி அழுதுகொண்டே வந்தாள். கையில் அவள் அப்பாவின் செல்போன்.

"ஐயா, நான் அப்பாவுக்கு மாத்திரையே குடுக்கலன்னு தங்கச்சி சொல்றா. திங்கட்கிழமை அவரை முதியோர் இல்லத்துல சேர்க்கப் போறாளாம். நான் ஒரு நாள்கூடத் தவறல. நீங்கதான் அவளுக்குப் புரிய வைக்கணும்."

அவள் அப்பா விர்யோவுக்கு ரத்தக் கொதிப்பு. நேற்று முன்தினம் காலை மயங்கி விழுந்தார்; பல நாளாக மாத்திரை உள்ளே போகவில்லை என்றார் டாக்டர். தைப்பேயில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்த தங்கை நிங்ஸி அடித்துப் பிடித்து வந்து இறங்கிவிட்டாள். போனை வாங்கித் தந்தவளும் அவள்தான். மாலை ஐந்தரைக்கு, "அப்பா, மாத்திரை போடுங்க" என்று அவள் குரலிலேயே அது கூப்பிடும். 'போட்டாச்சு' என்ற பொத்தானை அமுக்கும்வரை விடாது. அமுக்கினால் தைப்பேயில் அவளுக்குத் தகவல் போய்விடும்.

"சந்தேகமே இல்லங்க! தங்கச்சிக்காரிதான் மாத்திரையை மாத்தியிருப்பா" என்றாள் லுகித்தோவின் மனைவி மார்னி. கடையில் துப்பு துலக்க ஏதாவது வந்துவிட்டால் அவளுக்குக் கால் தரையில் நிற்காது.

"மாத்திரை நம்ம கடையில வாங்கினது, மார்னி" என்றார் லுகித்தோ.

அவர் போனைத் திறந்தார். நோன்பின் முதல் இருபது மாலைகளிலும் ஐந்தரைக்கே 'போட்டாச்சு' பதிவாகியிருந்தது. திரையின் ஓரத்தில் காய்ந்திருந்த மாவை நகத்தால் சுரண்டினார்.

"இது வீட்ல எங்கே இருக்கும்மா?"

"அடுப்படி அலமாரியில. அந்த நேரம் நான் விக்கிறதுக்கு பஜ்ஜி போட்டுட்டு இருப்பேன். அப்பா வாசல்ல புறாக்கூண்டுகிட்ட இருப்பார். நோன்புக்கு முன்னாடி இது கூப்பிட்டா போதும், 'இதோ வந்தேன் கண்ணு'ன்னு ஓடி வருவார். நான் பத்து தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்!"

"மாத்திரை?"

"நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தோட என் கையால குடுப்பேன். வாங்கிட்டுப் புறாகிட்டப் போயிடுவார்."

லுகித்தோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்."

போகும் வழியெல்லாம் மார்னிக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு மட்டும் எப்படித்தான் முதலில் புரிகிறதோ என்று அவளுக்கு உள்ளுக்குள் எரிந்தது. இருபது வருடமாக எரிகிறது.

விர்யோ நாற்காலியில் சோர்ந்து கிடந்தார். பக்கத்தில் நிங்ஸி, அக்காளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல். லுகித்தோ நேரே வாசலுக்குப் போய், புறாவுக்குத் தினை வைக்கும் தகர டப்பாவை எடுத்து வந்து மேசைமேல் கொட்டினார். தினைக்குள் வெள்ளை மாத்திரைகள். மார்னி எண்ணினாள்: இருபது.

"லஸ்மி மாத்திரை குடுத்தது உண்மை. அவர் போடாததும் உண்மை" என்றார் லுகித்தோ.

"ஆனா போன்ல தினமும் போட்டாச்சுன்னு வந்துச்சே!" என்றாள் நிங்ஸி.

"ஐந்தரைக்கு வந்துச்சு. பாங்கு சொல்ல ஆறு மணி ஆகுது. நோன்பு பிடிக்கிற மனுஷன் அரை மணி முன்னாடி நாக்கை நனைப்பாரா? நீங்க நோன்புக்கு நேரத்தை மாத்த மறந்துட்டீங்க."

மார்னி நெற்றியில் அடித்துக்கொண்டாள். நானும் நோன்புதானே, எனக்கு ஏன் தோன்றவில்லை!

"அப்படின்னா அமுக்கினது அவர் இல்ல. மாவுக் கையோட அடுப்படியில நின்னவங்க. ஐயா, நீங்க ஏன் முழுங்கல?" என்று லுகித்தோ விர்யோவைக் கேட்டார்.

விர்யோ மெதுவாகச் சொன்னார். "போன வருஷம் மறதியில ரெண்டு தடவை போட்டுட்டேன். 'நான் சொல்லாம போடாதீங்கப்பா'ன்னு நிங்ஸி சத்தியம் வாங்கிட்டா. குரல் வரும், வந்ததும் போட்டுக்கலாம்னு எடுத்து வச்சேன். வரவே இல்ல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா!" என்று லஸ்மி வெடித்தாள்.

"அவ பேரை எடுத்தாலே உன் முகம் சுண்டிப் போகுதும்மா. உன்கிட்ட கேக்கப் பயமா இருந்துச்சு."

லஸ்மி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் அமுக்கினேன். பாங்குக்கு முன்னாடி அது கத்தி என்ன பிரயோஜனம்னு எனக்கு நானே சாக்கு சொல்லிக்கிட்டேன். நிசம் அது இல்ல. துவைக்கிறது நான், பொங்கிப் போடுறது நான், கொஞ்சல் மட்டும் அவளுக்கான்னு வயிறு எரிஞ்சது. அப்பாவைக் கொல்லப் பாத்தேனே! கூட்டிட்டுப் போடி, நிங்ஸி. எனக்குத் தகுதி இல்ல."

நிங்ஸி அக்காள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்க நான் யாரோட அப்பாவையோ குளிப்பாட்டுறேன்க்கா. அவர் முதுகைத் தேய்க்கும்போதெல்லாம், நம்ம அப்பா முதுகு உனக்குக் கெடச்சிருக்கேன்னு பொருமுவேன். இல்லத்துல சேர்த்தா என்னை மாதிரி ஒரு கூலிக்காரிதான் அவரைக் குளிப்பாட்டுவா. அதுக்கு நீயே மேல். அப்பா இங்கயே இருக்கட்டும். என் குரலை மட்டும் அமுக்காதே."

"அமுக்க மாட்டேன். ஆனா வயிறு எரியும்டி, சொல்லிட்டேன்."

"எரியட்டும்க்கா. எனக்கு மட்டும் என்ன, குளுகுளுன்னா இருக்கு?"