வலது இறக்கை

தலைக்கு மேலே இறக்கையில் கயிறு உரசும் சத்தம் கேட்டதும் நஸ்தாசியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சர்... சர்... யாரோ வந்துவிட்டார்கள். நொறுங்கிய முன்பலகைக்கு அடியில் இரண்டு கால்களும் சிக்கியிருக்க, பெட்ரோல் வாடையும் ஈரக் கம்பளி வாடையும் மூக்கை அடைக்க, இருபக்கமும் உடைந்த ஜன்னல்கள் வழியே பனி உள்ளே கொட்டிக்கொண்டிருக்க, விழுந்து கிடந்த அந்தச் சின்ன விமானத்துக்குள் மதியத்திலிருந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். பக்கத்து இருக்கையில் விமானி வஸ்ஸிலி பெல்ட் போட்டபடியே செத்துப்போயிருந்தான். அவன் இமையில் விழுந்த பனி கரையவில்லை.

"இங்க இருக்கேன்! யாருப்பா அது?"

சர்... சர்...

மீட்க வந்தவர்கள் எதற்கு இறக்கையைத் துடைக்கிறார்கள்? குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் குளிர்காலத்தில் பறப்பதற்கு முன்னால், இறக்கைமேல் கயிற்றைப் போட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்து மாறி மாறி இழுத்து, விமானத்தை மேலெழ விடாத உறைபனியைத் தேய்த்து எடுப்பார்கள். ஒற்றை ஆளால் ஆகாத வேலை. இன்று கிளம்பும்போது இடது இறக்கையை மட்டும்தான் அவளும் வஸ்ஸிலியும் முடித்திருந்தார்கள்.

"அக்கா, அந்தப் பக்கம் இன்னும் பாக்கி. முனையைப் பிடிங்க" என்றான் அவன் அப்போது.

"கை வெறச்சுப்போச்சு தம்பி. இத்துனூண்டு பனிக்குப் போய் இப்படி நடுங்குறியே, நீயெல்லாம் ஒரு பைலட்டு! பொண்ணு காய்ச்சலோட வீட்ல தனியா கெடக்கா. கெளம்பு."

வஸ்ஸிலி சிரித்தபடி கயிற்றைச் சுருட்டிப் பின்னால் எறிந்தான். "சரிதான். விழுந்தா மிச்சத்தை நீங்கதான் வந்து இழுக்கணும், ஆமா."

ஆற்றைத் தாண்டியதும் புயல் பிடித்துக்கொண்டது. விமானம் வலப்பக்கம் சாய்ந்தது, நிமிரவே இல்லை. இந்தப் புயலில் தேட எவன் கிளம்புவான்?

சத்தம் வலது இறக்கையிலிருந்துதான் வந்தது.

"வேணும்னு செய்யல தம்பி." அவள் அழுதாள். "எம்பொண்ணுக்காகத்தான் அவசரப்பட்டேன். என்னை விட்டுடு."

சத்தம் நின்றது.

ஜன்னல் ஓட்டையில் பனி உதிர்ந்தது. கயிற்றின் முனை உள்ளே வந்தது. அவள் மடியில் விழுந்தது.

விலக முடியவில்லை. கால்கள் வரவில்லை.

கயிறு வெளியே ஏறிக் கூரையைத் தாண்டி, அந்தப் பக்க ஜன்னல் வழியே இறங்கியிருந்தது. மறுமுனை வஸ்ஸிலியின் கையில். இதுவரை விரிந்து கிடந்த கை. இப்போது மூடியிருந்தது.

அவன் முகம் அசையவில்லை. இமையில் பனி அப்படியே இருந்தது.

கை மட்டும் ஒருமுறை இழுத்துவிட்டு, அவள் முறைக்காகக் காத்திருந்தது.