இரண்டு கேள்விகளுக்கு ஓர் எண்

தஸ்நேவிஸின் எண் ஏன் ஏறுகிறது என்று ரெக்ஸலினுக்குப் பிடிபடவே இல்லை.

தூத்துக்குடிக் கடலோரக் குடியிருப்பில், விடிந்ததும் மூத்தவர்கள் முதலில் பார்ப்பது மணிக்கட்டைத்தான். அறுபதைத் தாண்டிய எல்லோர் கையிலும் இடர்வளை இருக்கும். கொரோனா தொற்றினால் அவர் உடல் எவ்வளவு மோசமாகும் என்பதை அதிலுள்ள எண் சொல்லும். தினமும் விடியலில் அது புதுப்பிக்கப்படும். நாற்பதுக்குக் கீழே என்றால் வீட்டுக் கதவு திறக்கும். அதற்கு மேலே என்றால் தொற்று அலை ஓயும்வரை திறக்காது. சாப்பாடு சுவர்ப்பெட்டி வழியாக வந்துவிடும்.

அந்த வளைகளைப் பராமரிப்பது ரெக்ஸலினின் வேலை. எண் உருவாகும் விதத்தை யாராவது கேட்டால் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் விளக்குவாள். வயதுதான் அதற்கு அடித்தளம். வயதான உடலில் நோயெதிர்ப்பு தாமதமாக விழிக்கும், விழித்தபின் சில சமயம் அளவுமீறித் தாக்கும். அதன்மேல் சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரகம், உடற்பருமன் என்று ஒவ்வொன்றும் எண்ணைக் கூட்டும். இரண்டு மூன்று நோய்கள் சேர்ந்திருந்தால் இன்னும் ஏறும். கடைசித் தடுப்பூசி பழசாக ஆக, அதுவும் ஏற்றும். வளை நாள் முழுக்க அளக்கும் நாடித்துடிப்பும் கணக்கில் சேரும்.

தஸ்நேவிஸுக்கு எழுபத்து நான்கு வயது, லேசான ரத்த அழுத்தம். அவ்வளவுதான். முப்பத்தொன்றாக இருக்கவேண்டிய எண் மெல்ல மெல்ல ஏறி முப்பத்தெட்டில் நின்றது. வளையை மாற்றிப் பார்த்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தன. இன்னும் கொஞ்சம் ஏறினால் அவருக்கும் கதவு பூட்டிக்கொள்ளும். மனைவி பிலோமினா ஏற்கெனவே உள்ளேதான். சிறுநீரகம் பழுதானவர், சர்க்கரையும் உண்டு. கடைசியாக அவள் பார்த்தபோது அவர் எண் ஐம்பத்தெட்டு.

ஒரு சாயங்காலம் நேரிலேயே போய்விட்டாள். அழைப்புமணிக்குப் பதில் இல்லை. பராமரிப்புச் சாவியால் திறந்தால், தஸ்நேவிஸ் நாற்காலியில் மூக்கைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய தடித்த மணிக்கட்டை ஒரு சின்ன வளை இறுக்கிக்கொண்டிருந்தது. அதில் மாதா உருவம் பதித்த குட்டிப் பதக்கம் தொங்கியது.

"ஆன்ட்டி எங்க, அங்கிள்?"

"எங்க போவா, இங்கதான் பக்கத்துல" என்றார் அவர். ரெக்ஸலின் பதக்கத்தைப் பார்ப்பதைக் கண்டதும் கையை மடியில் மறைத்தார். பிறகு தானே வெளியே எடுத்தார். "நாப்பது வருசமா இந்த வீட்ல அவ சொல்லுத மாதிரிதான் நான் ஆடுதேன். இப்ப என் கை வளையையும் மாட்டிட்டுப் போயிட்டா."

ரெக்ஸலினுக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. கதவு வளையைத்தான் படிக்கும், ஆளைப் பார்க்காது. முகம் பார்க்கச் சட்டத்தில் இடமில்லை. சாயங்காலம் இருவரும் வளை மாற்றிக்கொள்ள, தஸ்நேவிஸின் வளையில் பிலோமினாவின் நாடித்துடிப்பும் பிலோமினாவின் வளையில் தஸ்நேவிஸுடையதும் கலந்தன. விடியலில் சராசரி எடுக்கும்போது தஸ்நேவிஸின் எண் ஏறியது. அப்படியென்றால் பிலோமினாவின் எண்?

கைக்கருவியில் பார்த்தாள். நாற்பத்தொன்பது. எண் ஏறினால் மணி அடிக்கும். இறங்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளும் பார்த்திருக்கவில்லை. தொற்று வந்த அன்றே வைரஸை அடக்கும் மாத்திரை கிடைப்பது ஐம்பதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான்.

பிலோமினா முகக்கவசத்தோடு உள்ளே வந்தார். இவளைக் கண்டு திகைத்தாலும் மழுப்பவில்லை. அடுத்த கட்டடத்தில் தங்கை லூர்து வாதம் வந்து படுத்திருக்கிறாள் என்றார். "அந்த ஊட்டுற மெசினுக்கு அவ வாயே தெறக்க மாட்டேங்கா. நான் போனாத்தான் நாலு வாய் உள்ள போவுது. என்னயப் பூட்டி வச்சா அவ பட்டினிதான் கெடப்பா." சொல்லி முடிப்பதற்குள் இருமினார்.

ரெக்ஸலின் இருவருக்கும் சோதனை செய்தாள். இருவருக்கும் இரண்டு கோடு விழுந்தது, தொற்றுதான்.

உடனே மருத்துவரை அழைத்து வளை மாறியதைச் சொன்னாள். சொன்னால் அலை முடியும்வரை இருவருக்கும் கதவு பூட்டு என்பது அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் மாத்திரை வராது. சிறுநீரகத்துக்கு ஏற்றபடி அளவு குறைத்த மாத்திரை அரைமணிக்குள் சுவர்ப்பெட்டிக்கு வந்தது. தஸ்நேவிஸ் வெளிறிப்போயிருந்தார்.

"ரெண்டு நாளா மூக்கு ஒழுகுச்சும்மா. கீழ கேரம் ஆடுத அடைச்ச பொது ரூமு ஏசியாலன்னு நெனச்சேன். எனக்குத்தான் கதவு தெறக்கே, ஒண்ணும் இருக்காதுன்னு... நாந்தான் அவளுக்குக் கொண்டாந்திருக்கேன்."

பிலோமினா மாத்திரையை விழுங்கிவிட்டு, "கேரம்ல ஜெயிச்சியளா, அதச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த சில நாட்களும், தனக்குத் தொற்று இல்லை என்று சோதித்துக்கொண்டு, ரெக்ஸலினே லூர்துக்கு ஊட்டப் போனாள். லூர்து அவளிடமும் வாய் திறக்கத் தயங்கினார். ஆனால் திரும்பத் திரும்பச் சோதித்தும் லூர்துக்குத் தொற்று இல்லை. அக்கா எப்போதும் தன்னைப் பால்கனியில், கடற்காற்றில் உட்காரவைத்து, முகக்கவசத்தைக் கழற்றாமலே ஊட்டுவார் என்று லூர்து சொன்னார். அதைக் கேட்டதும் ரெக்ஸலினின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

பிலோமினாவின் காய்ச்சல் தணிந்த வாரத்தில், வளை மாற்றியதற்குத் தண்டனையை முடிவுசெய்யக் குடியிருப்புக் குழு கூடியது. மூத்தவர்களைக் காக்கத்தானே கதவைப் பூட்டுகிறோம் என்று தலைவர் கேட்டார்.

"தொத்து வந்தா எவ்வளவு மோசமாகும்னுதான் சார் அந்த எண் சொல்லுது" என்றாள் ரெக்ஸலின். "எங்க வச்சு வரும்னு அதுக்குத் தெரியாது. நாம ரெண்டு கேள்விக்கும் அதையே பதிலா வச்சிட்டோம். அதான் அடைச்ச ரூமுக்கு அங்கிளை அனுப்புனோம், காத்தோட்டமான பால்கனிக்கு ஆன்ட்டியை விடல."

நெடுநேரம் விவாதம் நடந்தது. கடைசியில் தண்டனை கைவிடப்பட்டது, விதியும் மாறியது.

இப்போது வீட்டுக் கதவு எல்லா மூத்தவர்களுக்கும் திறக்கிறது. பொது அறைகளின் கதவில் மட்டும் காற்றுமானி இருக்கிறது. உள்ளே மூச்சுக்காற்று தேங்கினால், சன்னல் திறக்கும்வரை எந்த எண்காரரையும் அது விடாது. சளி பிடித்தவர் வயது எதுவானாலும் அன்றே சோதித்துக்கொள்கிறார். வளையின் எண் மருந்துக்கும் தடுப்பூசிக்கும் மட்டும்தான். அது இறங்கினாலும் மணி அடிக்கும். பிலோமினா சாயங்காலத்தில் தன் சொந்த வளையோடு, முகக்கவசம் போட்டு, தங்கைக்குச் சோறு ஊட்டப் போகிறார்.