கரையாத கல்லுப்பு

உப்பு கரையவில்லை.

பக்கெட்டில் போட்டு அரைமணி நேரமாவது இருக்கும். கல்லுப்பு போட்டது போட்டபடி அடியில் கிடந்தது. வெண்மதி கரண்டிக் காம்பை விட்டுக் கலக்கிப் பார்த்தாள்; ஒரு கல்கூடக் குறையவில்லை. கடலூரில் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, குழாயைத் திறந்தால் மாடித் தொட்டித் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் கொட்டியது, அதே தண்ணீரைப் பிடித்து வைத்த இந்தப் பக்கெட் மட்டும் வெளிப்பக்கமெல்லாம் வியர்த்துச் சில்லிட்டிருந்தது.

எல்லாம் அந்தப் போட்டோவால் வந்த வினை. ஆஸ்திரியாவில் ஏதோ ஒரு ஏரி. சுற்றிலும் பனி மூடிய மலை, நடுவில் ஒரு படகு. படகில் கொழுந்தன் கதிர்வேல், அவன் பிள்ளைகள் இரண்டு, முன்னால் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டபடி ஓரகத்தி ஸ்ரீமதி. ஒரு வாரமாகக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் இதே கூத்துதான். காலையில் ரோப் கார், மத்தியானம் ஏரிக்கரையில் கேக், சாயந்திரமானால் “செம ரிலாக்ஸ்டா இருக்கு அக்கா” என்று வாய்ஸ் மெசேஜ். அக்காவாம்! வெண்மதிக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன? அவள் புருஷன் இளவரசு நெல்லிக்குப்பத்தில் ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து படத்தைப் பார்த்தான். “ஏரிதான? வா, வீராணத்துக்கு இட்டுனு போறேன்” என்று சிரித்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

ஏரியைக்கூட விட்டுத்தள்ளலாம். ஸ்ரீமதியின் விரலில் மின்னுகிற சிவப்புக்கல் மோதிரத்தை எப்படி விட்டுத்தள்ளுவது? அது மாமியார் தில்லையம்மாளின் மோதிரம். மூத்த மருமகளுக்கு வர வேண்டியது. “வெளிநாடு போற பொண்ணு, வெறுங்கையோட போவ வேணாம்” என்று சின்னவளுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டாள் மகராசி.

இன்றைக்கும் மாமியார்தான் ஆரம்பித்தாள். “போட்டோவ ஊரே பாக்குது. கண்ணு பட்டுடும். எனக்கு முட்டி வலிக்குது, நீ சுத்திப் போடுடி.”

வெண்மதி போனில் அந்தப் படத்தைத் திறந்து வைத்தாள். உப்பைக் கையில் மூடிக்கொண்டு வலமும் இடமுமாகச் சுற்றினாள். யாருக்குச் சுற்றுகிறோமோ அவர்கள்தான் உப்பின் மேல் துப்ப வேண்டும். ஸ்ரீமதி எங்கே இருக்கிறாள் துப்ப? சரியென்று இவளே மூன்று தடவை துப்பிவிட்டாள். துப்பும்போது மனசு சும்மா கிடந்ததா? அப்படியே முங்கித் தொலைடி என்றது.

“கரைஞ்சிச்சா?” கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

“கரையுது அத்த.”

“துப்புனது யாரு?”

“நாந்தான்.”

கூடத்தில் மாமியாரின் கட்டில் கிரீச்சிட்டது.

“அடிப்பாவி! சுத்துறவளே துப்பலாமாடி? கண்ணு எறங்காது. அவ மேலயே ஏறி உக்காந்துக்கும்.”

“ஒண்ணும் ஆவாது, சும்மா இருங்க.”

சொல்லிவிட்டு மறுபடியும் கரண்டிக் காம்பை விட்டுக் கலக்கினாள். சமையல்கட்டில் தாளித்த கடுகு வாசனை போய், ரொம்ப நாள் திறக்காத ஃப்ரீசரைத் திறந்தது மாதிரி ஒரு வாடை மெல்லப் பரவியது. பக்கெட்டுக்குள்ளிருந்து சளக், சளக் என்று சத்தம் வந்தது. துடுப்புப் போடுகிற சத்தம். பிச்சாவரத்தில் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

போன் அலறியது. கதிர்வேல்.

“அண்ணி, அண்ணன எழுப்புங்க. ஸ்ரீமதி படகுலேர்ந்து வழுக்கி வுழுந்துட்டா. மேல வரல அண்ணி. தேடுறாங்க...” பின்னால் பிள்ளைகள் இரண்டும் அம்மா அம்மா என்று கத்தின. லைன் அறுந்தது.

இளவரசுவை எழுப்ப வேண்டும். மாமியாரைக் கூப்பிட வேண்டும். ஆனால் கண் பக்கெட்டை விட்டு நகரவில்லை.

நீலப் பிளாஸ்டிக் அடி காணாமல் போயிருந்தது. கீழே பச்சை. அதற்கும் கீழே கறுப்பு. எங்கோ ஆழத்தில் உப்புக்கற்கள் வெள்ளையாக மின்னின.

அங்கிருந்து ஒரு கை மேலே வந்தது.

விரல்களை விரித்து, தண்ணீரைப் பிறாண்டிக்கொண்டு வந்தது. சிவப்புக்கல் மோதிரம். ஸ்ரீமதியேதான்.

ஐயோ. வெண்மதி முழங்கை வரை கையை விட்டுப் பிடித்தாள். எலும்பைக் கடிக்கிற குளிர். அந்தக் கை இவள் கையை வெறியோடு பற்றிக்கொண்டது. உயிர் இருக்கிறது. இழுத்தால் போதும். இழுத்தாள். பாரம் வந்தது. இன்னும் கொஞ்சம்.

மோதிரம் அவள் விரலில் இடறியது.

குளிரில் சுருங்கிய விரல். மோதிரம் லொடலொடவென்று இருந்தது.

மூத்தவளுக்கு வர வேண்டியது.

உருவினாள்.

கை வழுக்கியது. ஒருமுறை அவள் மணிக்கட்டைத் தடவியது. தவறியது. போனது.

பக்கெட்டின் நீல அடி தெரிந்தது. ஒரு கல் உப்பு இல்லை.

“கரைஞ்சிச்சாடி?”

“கரைஞ்சிடுச்சி அத்த.”

மோதிரத்தைப் போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மேடையில் கிடந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. கூடத்தில் மாமியாரின் போனும் அதிர்ந்தது. உள்ளறையில் இளவரசுவின் போனும்.

குடும்ப குரூப். ஸ்ரீமதி ஒரு படம் அனுப்பியிருந்தாள்.

படம் முழுக்கக் கறுந்தண்ணீர். ரொம்ப உயரத்தில் வட்டமாக ஒரு வெளிச்சம். வட்டத்துக்கு மேலே இவர்கள் வீட்டு டியூப்லைட். வட்டத்தின் ஓரத்தில் குனிந்து பார்க்கிற ஒரு முகம். வெண்மதியின் முகம். விரலில் மோதிரத்தை ஏற்றிக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறாள்.

“வெண்மதி,” என்றாள் மாமியார், கூடத்திலிருந்து. “இது யாருடி?”