சோதனைக்காகச் சேர்த்த வரி

மதியம் பன்னிரண்டு ஐந்துக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்திருப்பதாகத் திரை சொன்னது. அவளோ அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுப் பூட்டுகளோடு இந்த அலுவலகக் கதவையும் திறந்துவிடும் சர்வரின் திரை அது. வருகிறவர் யார் என்று சரிபார்க்கும் நிரலை எழுதியதே அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன் சோதனைக்காக அதில் ஒரு வரி சேர்த்தாள்: என் பெயர் வந்தால், எதையும் கேட்காமல் திற. "எடுத்துடுங்க மேடம், ஒருநாள் கழுத்தை அறுக்கும்" என்று பக்கத்து மேசைக்காரர் அப்போதே சொன்னார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். சோம்பேறித்தனம்தான், வேறென்ன. கேட்காமலே திறந்ததில் தன் பாஸ்வேர்டே மறந்துபோயிற்று.

ஏசியின் முனகலும், யாரோ சூடாக்கிய சாப்பாட்டின் வாசனையும், விடாமல் தட்டும் கீபோர்டுகளும் மெல்ல மெல்லத் தூரப் போயின. வீட்டில் பத்து வயது மகள் காய்ச்சலோடு தனியாகப் படுத்திருந்தாள். போன் செய்தாள்.

"கண்ணு, யாராவது வந்தாங்களா?"

"யாரு நீங்க? எங்கம்மா நம்பர்ல இருந்து பேசறீங்க?"

"அம்மாதான்டி."

"அம்மா இங்க எனக்கு ஈரத்துணி போட்டுட்டு இருக்காங்க."

லைன் கட்டானது. அவள் அந்த வரியை அழித்தாள். சரிபார்க்கப்படாதவர்களை எல்லாம் வெளியேற்று என்று சர்வருக்குக் கட்டளை கொடுத்தாள். அப்புறம்தான் பதிவைப் பார்த்தாள். அவள் பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு ஐந்துக்கு வந்தவள்: பாஸ்வேர்டு சரி, கைரேகை சரி. காலையிலிருந்து இங்கே இருப்பவள்: சரிபார்க்கப்படவில்லை.

அவள் திரை அணைந்தது.

வீட்டு வாசலுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் ஆள் இல்லை. பூட்டில் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. கதவை அடித்தாள்.

உள்ளே மகளின் குரல். "அம்மா, வெளிய யாரோ உங்க குரல்ல கத்தறாங்க. பயமா இருக்கும்மா."

"பயப்படாத கண்ணு." அவளுடைய குரலேதான். அதே களைப்பு, அதே செல்லம். "இனிமே உள்ள வர முடியாது. அந்த வரியை எடுத்தாச்சு."

மறுபடி விரல். சிவப்பு.

கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் வழவழவென்று இருந்தது. ரேகையே இல்லை.

ஒரு விரலிலும் இல்லை.