கோபுரத்தில் தொங்கிய கண்ணாடி

சும்மா வெயில் இல்லை, மண்டையைப் பிளக்கும் வெயில். மொட்டை மாடியில் சிட்டு கடைசித் துணிக்குக் கிளிப் மாட்டுவதற்குள் முதல் துணி அட்டை மாதிரி விறைத்துப் போனது. வெறுங்காலைத் தரையில் வைத்தால் ஆடத் தெரியாதவரும் ஆடிவிடுவார். அவளுடைய ஐந்து வயதுத் தம்பி பம்பரம் ஒற்றைக் காலில் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தான்.

"செருப்பு எங்கடா?"

"ஒண்ணு இருக்குக்கா. இன்னொண்ணு லீவு போட்டிருச்சு."

கடல் நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. ஆனால் கடற்காற்று பல நாளாக அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மலைக்காட்டுப் பக்கமிருந்து அனல் காற்றுதான் வீசியது. காட்டில் புல்லெல்லாம் சருகாகிக் கிடந்தது. மின்கம்பிகள் உரசிப் பொறி பறந்துவிடக் கூடாதே என்று ஊர் முழுக்க மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். முதலில் மின்விசிறி நின்றது. பிறகு தொலைபேசியும் செத்துப் போனது.

தூரத்தில், காட்டு மேட்டில், காவல் கோபுரம் தெரிந்தது. அதன் உச்சியில் சிவப்புக் கொடி பறந்தது. அதற்குக் கீழே இருந்த சின்ன அறையில்தான் அம்மா இருந்தார். காட்டில் எங்கே புகை கிளம்பினாலும் அம்மாதான் முதலில் பார்க்க வேண்டும். பார்த்ததும் வாக்கிடாக்கியில் தீயணைப்பு வண்டிகளுக்குச் சொல்ல வேண்டும். சிவப்புக் கொடி ஏறிவிட்டால், இறங்கும்வரை அம்மா வீட்டுக்கு வர முடியாது.

அப்பா கப்பலில் சமையல்காரர். இப்போது எந்தக் கடலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாரோ! அதனால் கீழ்வீட்டுத் தையல் அத்தைதான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டார்.

மற்ற நாட்களில் இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளி விட்டு வந்ததும் சிட்டு கையகலக் கண்ணாடியோடு மாடி ஏறுவாள். வெயிலைக் கண்ணாடியில் பிடித்துக் கோபுரத்தின் பக்கம் திருப்புவாள். இரண்டு மின்னல் அடித்தால், 'வந்துட்டோம், சாப்பிட்டோம்' என்று அர்த்தம். அங்கிருந்தும் இரண்டு மின்னல் வரும். 'சரிடா தங்கங்களா' என்று அர்த்தம்.

ஆனால் சிவப்புக் கொடி பறக்கும் நாளில் கண்ணாடியைத் தொடவே கூடாது.

"எது மின்னினாலும் தீயோன்னு நான் பார்த்தாகணும்" என்று அம்மா சொல்லியிருந்தார். "நீ விளையாட்டுக்கு மின்னுற நேரத்துல, நிஜத் தீ ஒண்ணு பெருசாயிடும்."

சிட்டு தம்ளரில் தண்ணீரை ஊற்றி நீட்டினாள். பம்பரம் வாயை இறுக மூடிக்கொண்டான்.

"குடிடா. காதெல்லாம் சிவந்து போச்சு பாரு."

"மாட்டேன். அம்மாகிட்ட மின்னல் போட்டுச் சொல்லு. அப்பத்தான் குடிப்பேன்."

"இன்னைக்குக் கூடாதுன்னு தெரியும்ல?"

"ஒரே ஒரு குட்டி மின்னல்க்கா." அவன் குரல் கம்மியது. "அம்மா காட்டை மட்டும்தான் பாக்குறாங்க. நமக்கு முதுகைக் காட்டிட்டே உட்கார்ந்திருக்காங்க."

சிட்டு நீட்டிய தம்ளரை இறக்கினாள். இரண்டு நாளாக அவளும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் ஆயிற்றே, வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"சரி, ஆளுக்கு ஒரு வாய்" என்றாள். "நான் முதல்ல. அம்மாவுக்காக நீ அடுத்தது."

அவள் ஒரு வாய் குடித்தாள். பம்பரம் யோசித்துப் பார்த்துவிட்டு ஒரு வாய் குடித்தான். இரண்டாவது வாய்க்குத் தம்ளரைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, கடல் புகை விடுது!"

சிட்டு திரும்பினாள். கடற்கரையில், படகு கட்டும் பட்டறைக்குப் பின்னால், காய்ந்த நாணல் புதர் நீளமாகக் கிடந்தது. அங்கிருந்துதான் புகை வந்தது. அனல் காற்று அதை மேலே எழவிடாமல் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு போனது. தெருவில் எல்லா வீட்டுக் கதவுகளும் வெயிலுக்குப் பயந்து சாத்தியிருந்தன. தீ வந்தால் காட்டிலிருந்துதான் வரும் என்று ஊரே காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கடல் பக்கம் பார்க்க ஆளே இல்லை.

அவளுக்குக் காலையில் பேட்டரி வானொலியில் கேட்டது நினைவுக்கு வந்தது. சாயங்காலம் காற்று திரும்பும், கடற்காற்று வரும் என்று சொன்னார்கள். அதைக் கேட்டு எல்லோரும் கைதட்டினார்கள். காற்று திரும்பினால் தீயும் அல்லவா திரும்பும்? முதலில் பட்டறை எரியும். அங்கே மரமும் தாரும் மலைபோல் குவிந்திருந்தன. பிறகு தெருத் தெருவாக இங்கேயும் வரும்.

"அத்தை! நாணல்ல தீ!"

தையல் அத்தை கழுத்தில் தொங்கிய டேப்போடு மாடிக்கு ஓடி வந்தார். பார்த்ததும், "அய்யய்யோ!" என்று தலையில் கை வைத்தார். "போனும் இல்ல. வண்டியெல்லாம் காட்டு ஓரத்துல நிக்குது. நான் போய்ப் பட்டறை ஆளுங்களை உஷார்படுத்துறேன். நீங்க இங்கிருந்து அசையாதீங்க!"

அத்தை நாலு கால் பாய்ச்சலில் படி இறங்கினார்.

சிட்டு கோபுரத்தைப் பார்த்தாள். பிறகு சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுத்தாள்.

"தொடக் கூடாதுன்னு சொன்னே?" என்றான் பம்பரம்.

"இது விளையாட்டுக்கு இல்லடா."

"அம்மா திட்டினா?"

"திட்டட்டும். வாங்கிக்கலாம்."

இடது கையை நீட்டி, இரண்டு விரல்களுக்கு நடுவே கோபுரம் தெரியும்படி பிடித்தாள். வலது கையில் கண்ணாடி. வெளிச்சம் அந்த விரல்கள் மேல் விழுந்தால் கோபுரத்துக்கும் போய்ச் சேரும். அம்மா சொல்லிக்கொடுத்த வித்தை இது. ஆனால் கை நடுங்கியதில் வெளிச்சம் தண்ணீர்த் தொட்டி மேலும் துணிகள் மேலும் தாறுமாறாக ஓடியது.

பம்பரம் பக்கத்தில் வந்து அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். வெளிச்சம் விரல்களில் நின்றது.

மின்னல். மின்னல். மின்னல். நிறுத்தாமல் அடித்தாள்.

பதில் இல்லை.

"முதுகுக்கா" என்றான் பம்பரம் மெதுவாக. "முதுகுக்குக் கண்ணு கிடையாது."

அவளுக்கும் அழுகை வந்தது. ஆனாலும் கண்ணாடியை இறக்கவில்லை.

அப்போது கோபுரத்திலிருந்து பளிச்சென்று ஒரு நீளமான மின்னல் வந்தது.

"பார்த்துட்டாங்க! கையைக் காட்டுடா, தீ இருக்குற பக்கம் காட்டு!"

அம்மாவிடம் தொலைநோக்கி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இருவரும் மாடி நடுவில் நின்று கடற்கரையை நோக்கிக் கை நீட்டினார்கள். பம்பரம் இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று ஒற்றைச் செருப்பையும் கழற்றிக் கையில் பிடித்து நீட்டினான். கால் சுட்டது. இந்த முறை அவன் ஆடவில்லை.

சிறிது நேரத்தில் மேட்டுச் சாலையில் சங்கு ஊதியது. இரண்டு தீயணைப்பு வண்டிகள் புழுதி பறக்க இறங்கி வந்தன. பட்டறைக்காரர்கள் வாளிகளோடு முன்பே அங்கே நின்றார்கள். சாயங்காலம் கடற்காற்று திரும்பி வந்தபோது, அது ஊருக்குள் கொண்டுவந்தது நனைந்த சாம்பலின் வாசனையை மட்டும்தான்.

மறுநாள் சிவப்புக் கொடி இறங்கியது. பிள்ளைகள் இருவரும் கோபுரத்துப் படிகளில் மூச்சிரைக்க ஏறினார்கள். அம்மா இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். நெடுநேரம் விடவில்லை.

"சிவப்புக் கொடி பறக்குறப்ப கண்ணாடியைத் தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

சிட்டு தலையைக் குனிந்தாள்.

"அதனாலதான்டி உடனே எழுந்து திரும்பிப் பார்த்தேன்" என்றார் அம்மா. "என் பொண்ணு சும்மா அதைத் தொட மாட்டான்னு எனக்குத் தெரியாதா?"

பம்பரத்துக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. "நீ காட்டைத்தானே பார்த்துட்டிருந்தே? மின்னல் எப்படித் தெரிஞ்சுது?"

அம்மா அவனைத் தூக்கித் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். எதிரே ஜன்னல் முழுக்கக் காடு. ஜன்னலுக்கு மேலே, பேருந்து ஓட்டுநர் தலைக்கு மேல் இருப்பது போல, ஒரு சின்னக் கண்ணாடி சாய்வாகத் தொங்கியது.

பம்பரம் அண்ணாந்து பார்த்தான். அந்தக் கண்ணாடிக்குள் காடு தெரியவில்லை. ஒரு மொட்டை மாடி மட்டும் தெரிந்தது. அதில் துணி காயப்போடும் ஒரு கயிறும், கயிறு நிறைய அவர்கள் வீட்டுத் துணியும்.

"நம்ம வீடு!"

"நம்ம வீடுதான். வேலைக்கு வந்த முதல் நாளே மாட்டினேன்." அம்மா அவன் தலையைக் கோதினார். "நேத்து மாத்து ஆள் வந்து என்னைச் சாப்பிட அனுப்பினப்ப, தொலைநோக்கியிலயும் ஒரு பார்வை பார்த்தேன். உன் இன்னொரு செருப்பு தண்ணித் தொட்டி மேல கிடக்கு. அங்க எப்படிடா போச்சு?"

பம்பரம் அக்காவைப் பார்த்தான். அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, தாகமா இருக்கு" என்றான். அம்மா கொடுத்த தண்ணீரை யாரும் சொல்லாமலே கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தான்.