வாசித்துக் காட்டாத கட்டுரை

“அண்ணி! நாளைக்குப் பத்திரிகையில உங்க பேரைப் பெரிசாப் போடுவாங்களா, சின்னதாப் போடுவாங்களா?”

டீயை மேஜைமேல் வைத்துவிட்டுச் சின்னவள் ஆசையாகக் கேட்டாள். நிருபரம்மா மேஜையில் இருந்த கட்டுரைத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். பெயர் பெரிதாகத்தான் வரும். அதற்குக் கீழே வரப்போவது யாருடைய கதை என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியாதே!

தெருவில் எல்லாரும் அவளை நிருபரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் உழைத்த நாளிதழ், ஆட்குறைப்பு என்று சொல்லிப் பதினோரு பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. வேலை போயிற்று, பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. இனி யாரிடமும் கைகட்டி நிற்காமல், பல இதழ்களுக்கும் தனியாக எழுதிப் பிழைத்துக்கொள்வோம் என்று துணிந்தாள். அன்றைக்கே கணவனின் தங்கையான இந்தச் சின்னவள் தன் அறையைக் காலி செய்துவிட்டாள்.

“எழுதுறவங்களுக்குச் சாத்திக்க ஒரு கதவு வேணும் அண்ணி. எனக்குக் கூடம் போதும்” என்று படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போனவள், அடுப்படி வேலையையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

மூன்று மாதத்தில் ஒன்பது ஆசிரியர்களிடம் கேட்டாயிற்று. எட்டுப் பேர் வாயே திறக்கவில்லை. ஒன்பதாமவர், ஒரு வார இதழின் ஆசிரியர், “வீட்டுக்குள்ள நடக்கிற உண்மைக் கதையா ஒண்ணு குடுங்க. ஒரு வாரம்தான் டைம்” என்றார். ஆறு நாள் ஒரு வரி ஓடவில்லை. ஏழாம் நாள் ஓடியது... மளமளவென்று ஓடியது!

ஓடியது சின்னவளின் கதை. ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே, உலகத்தில் யாரிடமும் சொல்லாததை அவள் அண்ணியிடம் சொல்லியிருந்தாள். புருஷன் அவளைத் துரத்தவில்லை. அடிக்கவில்லை, வையவில்லை. ஆறு வருஷம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை, அவ்வளவுதான். ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு அவளேதான் கிளம்பி வந்தாள். பேசாததற்கெல்லாமா ஒருத்தி வீட்டை விட்டு வருவாள் என்று கேட்பார்களே என்று பயந்து, துரத்திவிட்டதாகப் பொய் சொன்னாள். அதை நம்பி அண்ணன்காரன் அந்த வீட்டு வாசலில் போய் நின்று, தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டு, அவமானப்பட்டுத் திரும்பினான்.

நிருபரம்மா பெயர்களை மாற்றினாள், ஊரை மாற்றினாள். அந்த வாசல் சண்டையை மட்டும் மாற்றக் கை வரவில்லை. கட்டுரைக்கு உயிரே அதுதான்! அப்படியே இதழுக்கு அனுப்பியும் விட்டாள். அவள் எழுதியதை ஓர் எழுத்து விடாமல் படிக்கிற கணவனுக்கு, நாளைக்குப் படித்த உடனே விளங்கிவிடும்.

ஒருவர் சொன்னதை அவருக்கே வாசித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்பது அவளுடைய இத்தனை வருஷ வைராக்கியம். லாரி டிரைவருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறாள், ஓய்வுபெற்ற நீதிபதிக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். வேளாவேளைக்குச் சோறு போடுகிறவளுக்கு மட்டும் வாசிக்கவில்லை. வாசித்தால் வேண்டாம் என்பாளே! சீ, நானும் ஒரு மனுஷியா என்று உள்ளுக்குள் கூசிப் போனாள்.

“உட்காரும்மா. கட்டுரையை வாசிக்கிறேன், கேளு.”

“எனக்கா? அண்ணாவுக்கு முன்னாடியா?” ஈரக் கையைத் துடைத்தபடி சின்னவள் பெருமையோடு உட்கார்ந்தாள்.

மூன்றாவது பத்தியில் அவள் சிரிப்பு நின்றது. கடைசி வரிவரை அசையவில்லை.

“இது... நான் உங்ககிட்ட சொன்னது.”

“ஆமாம்மா.”

“அண்ணா படிப்பானே அண்ணி! எனக்காக அவன் பட்ட அவமானம் கொஞ்சமா? எல்லாம் பொய்னு தெரிஞ்சா என் மூஞ்சியில முழிப்பானா?” அவள் குரல் உடைந்தது. “அந்த வீட்ல என்கிட்ட பேச ஒரு நாதி இல்லை. இங்க நீங்கதான் உட்கார வெச்சுப் பேசுனீங்க. இதுக்காகத்தான் பேசுனீங்களா?”

நிருபரம்மா எழுந்து ஆசிரியருக்குப் போன் போட்டாள்.

“பக்கமெல்லாம் முடிஞ்சு அச்சுக்குப் போற நேரத்துல என்னம்மா விளையாட்டு?”

“அவங்க சம்மதம் இல்லாம எழுதிட்டேங்க. தப்பு என்னுதுதான். தயவுசெஞ்சு எடுத்துடுங்க.”

“எடுத்துடறேன். இனிமே எழுதறேன்னு எங்க பக்கம் வந்துடாதீங்க!”

போனை வைத்துத் திரும்பினால், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கணவன் நின்றுகொண்டிருந்தான்.

“எடுத்துடுங்கன்னா சொன்னே? மூணு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டுக் கிடைச்ச வாய்ப்பை ஏன் எட்டி உதைச்சே?”

“சரியா வரலைங்க...”

“பொய்! வேலை போனதுல இருந்து உனக்குத் தொட்டதுக்கெல்லாம் பயம். உனக்காக அறையை விட்டுட்டுக் கூடத்துல கிடக்கிறாளே என் தங்கச்சி, அவளுக்காகவாவது தைரியமா நிக்க வேண்டாமா?”

நிருபரம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். செய்த காரியத்துக்கு இந்தத் திட்டு போதாது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

சின்னவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

“அண்ணியைத் திட்டாதே அண்ணா! எனக்காகத்தான் எடுக்கச் சொன்னாங்க. அதுல என் கதைதான் இருந்தது... என்னை யாரும் துரத்தலை. நானேதான் வந்தேன். ஆறு வருஷம் அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்... மன்னிச்சுடு அண்ணா!”

அவன் முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

“ஏதாவது பேசு அண்ணா... திட்டவாவது செய்!”

அவன் மெல்ல வந்து தங்கையின் அருகில் உட்கார்ந்தான்.

“ஆறு வருஷமா?” என்றான். “ஏம்மா அவ்வளவு நாள் இருந்தே? முதல் வாரமே வந்திருக்கக் கூடாதா?”

சின்னவள் அவன் தோளில் சாய்ந்து கதறிவிட்டாள். நிருபரம்மா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். ‘அண்ணனுக்கு இதெல்லாம் புரியப் போவதில்லை’ என்பது அவள் எழுதியிருந்த கடைசி வரி. அவனையும் கேட்காமல்தான் எழுதியிருந்தாள்! தாளைக் கசக்கிக்கொண்டு வெளியே போக அடியெடுத்து வைத்தாள்.

“எங்க போறீங்க?” சின்னவள் எழுந்து வந்தாள். “உங்க மேல எனக்கு இன்னும் கோபம் போகலை அண்ணி... போகவே இல்லை” என்று விம்மிக்கொண்டே அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“இருக்கட்டும்மா... இருக்கட்டும்” என்று நிருபரம்மா அழுதாள்.