கோட்டைத் தொட்ட விரல்

டிரிங்... டிரிங்...

காலை எட்டரை மணி. ஷெரிஃப் வெர்லீன் ஸ்டப்ஸ் முட்டையில் முள்கரண்டியைக் குத்திய நேரம் பார்த்து போன் அலறியது!

"மைதானத்துல பிணம் மேடம். புல் வெட்டுவானே லைல், அவன்தான். பின்மண்டையில அடி."

"எந்தப் பக்கம் கிடக்கான்?"

மறுமுனையில் இருந்த அவள் டெபுடி இழுத்தான்.

"அதுதான் மேடம் பிரச்சினையே..."

கார்விக் ஊரின் பேஸ்பால் மைதானத்தைக் கட்டிய புண்ணியவான், நெப்ராஸ்காவில் அத்தனை சோளக்காடு சும்மா கிடக்க, இரண்டு மாவட்டங்களின் எல்லையில் போய்க் கட்டித் தொலைத்தான். வலது பக்கம் ஓடும் ஃபவுல் கோடுதான் எல்லை. கோட்டுக்கு உள்ளே ஆடுகளம், ஆட்ட மொழியில் ஃபேர்... அது வெர்லீனின் மாவட்டம். வெளியே ஃபவுல் நிலம்... அது ஷெரிஃப் மெர்ல் ஹுடாக்கின் மாவட்டம்.

வெர்லீன் எடுத்த கொலை வழக்கு எதிலும் குற்றவாளி தப்பியதில்லை.

ஹுடாக் எடுத்தது எதிலும் குற்றவாளி பிடிபட்டதில்லை!

இரண்டு பேரின் ஷெரிஃப் பதவிக்கும் இன்னும் பன்னிரண்டு நாளில் தேர்தல்.

வெர்லீன் போய்ச் சேர்ந்தபோது ஹுடாக் சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டிருந்தார். மழைக்கு மைதானத்தை மூடும் தார்ப்பாய் லைலின் மேல் கிடந்தது. சுற்றிலும் மஞ்சள் நாடா. தடயவியல் ஆட்கள் வரும் வரை யாரும் கிட்டே போகக்கூடாது.

"வந்த வழியே கிளம்பு வெர்லீன். இது என் பிணம்."

"யாரு சொன்னது?"

"உடம்பு முழுக்க ஃபவுல்ல கிடக்கு. மூடறதுக்கு முன்னாடி பாத்துட்டேன்."

"என் ஆளும்தான் பாத்திருக்கான். சுண்டுவிரல் நுனி கோட்டுமேல இருக்கு. கோட்டைத் தொட்டா ஃபேர். ஃபேர்னா எனக்கு."

"கோட்டோட பேரே ஃபவுல் கோடு. அது எப்படி ஃபேர் ஆகும்?"

"உன் பேருக்கு முன்னாடிகூடத்தான் ஷெரிஃப்னு இருக்கு. அதுக்காக நீ ஷெரிஃப் ஆயிட்டியா?"

ஹுடாக் ஒரு விதையைக் கோபமாகத் துப்பினார்.

"சரி, அம்பயரைக் கூப்பிடு. அந்தாள் சொன்னா நான் கட்டுப்படறேன்."

அம்பயர் ஆர்வில் கிராட்ஸ் பத்தே நிமிடத்தில் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் ஷூ. இருக்காதா பின்னே? முப்பத்தோரு வருடங்களில் ஒரு தீர்ப்புகூடத் தவறாகச் சொல்லாத மனிதர் என்று, இன்று மாலை நாலு மணிக்கு மைதான வாசலில் அவருக்கு வெண்கலச் சிலை திறக்கிறார்கள். அந்தப் பெயர்தான் அவருக்குப் பெண்டாட்டி, பிள்ளை, சொத்து எல்லாம்.

மஞ்சள் நாடாவுக்கு வெளியே, முப்பதடி தள்ளி நின்றார். ஏப்ரல் குளிரில் அவர் கழுத்து வியர்த்திருந்தது.

"ஒரே ஒரு சந்தேகம் ஆர்வில்," என்றாள் வெர்லீன். "கோட்டைத் தொட்டா ஃபேரா, ஃபவுலா?"

ஆர்வில் சட்டைக் காலரைத் தளர்த்தினார். தார்ப்பாயைப் பார்த்தார். ஹுடாக்கைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு அம்பயரே," என்றார் ஹுடாக். "பேரே ஃபவுல் கோடு."

அம்பயரின் காது சிவந்தது.

"பேரு வச்சவன் முட்டாள். கோடு ஆடுகளத்தோட சேந்தது. கோட்டைத் தாண்டினாத்தான் ஃபவுல். கோட்டுமேல நூலளவு பட்டாலும் ஃபேர். இதை எத்தனை வருஷமாய்யா உனக்குச் சொல்றது?"

"சரி, இருக்கட்டும். ஆனா விரல்தான் தொடலையே."

"தொடுது."

"தொடல."

"தொடுதுங்கறேன்."

"முப்பதடி தள்ளி நிக்கறே. மேல தார்ப்பாய் வேற. கேலரியிலேருந்து அன்னிக்கே கத்தினேன், இன்னிக்கும் சொல்றேன். நீ குருடன்யா."

அம்பயரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அதை மட்டும் சொல்லக்கூடாது!

"யாருய்யா குருடன்? குனிஞ்சு பாத்தேன். ஒன்றரை அடி தூரத்துல. நகம் முழுக்க சுண்ணாம்புமேல இருந்துது."



ஹுடாக் மெல்லுவதை நிறுத்தினார்.

வெர்லீன் மெதுவாகக் கேட்டாள். "எப்ப குனிஞ்சு பாத்தீங்க, ஆர்வில்?"

அம்பயரின் முகம் கோடு போடும் சுண்ணாம்பாக வெளுத்தது.

"நேத்து சாயந்தரம்... அவன் விழுந்ததும்."

"செத்து விழுந்தவனைக் குனிஞ்சு பாத்து, ஃபேரா ஃபவுலான்னா பாத்தீங்க?"

"பழக்கம்மா. எது விழுந்தாலும் பாத்துடுவேன்."

"எதுக்கு அடிச்சீங்க?"

"புதுசா ஏதோ அளக்கற மிஷின் வாங்கியிருந்தான். அளந்துட்டு வந்து சிரிச்சான். கோடு நாலு அங்குலம் கோணல், ஆர்வில்... முப்பத்தோரு வருஷமா நீ சொன்னதுல பாதி தப்புன்னான். சிலை திறக்கறப்போ மைக்ல சொல்லப் போறேன்னான். என் கையில மண்வெட்டி இருந்துது." தன் கைகளைப் பார்த்தார். "நல்லவன்மா லைல். என் பக்கத்து வீடு. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவன் வாபஸ் வாங்கியிருக்கலாம்."

கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொலை கொலைதான். வெர்லீன் விலங்கை மாட்டினாள். கேஸ் முடிந்தது. பதினைந்து நிமிடம்!

"ஒரு நிமிஷம்..." என்றார் ஹுடாக்.

அவர் நெற்றி சுருங்கியிருந்தது. இருபது வருட சர்வீஸில் முதன்முறையாக அவர் மூளை வேலை செய்தது.

"அந்த நாலு அங்குலம்... எந்தப் பக்கம் கோணல்? உள்ளயா, வெளியவா?"

ஆர்வில் தரையைப் பார்த்தார்.

"வெளிய."

வெர்லீன் மனசுக்குள் கணக்குப் போட்டாள். சுண்ணாம்புக் கோடு நாலு அங்குலம் வெளியே இருந்தால், நிஜமான எல்லை நாலு அங்குலம் உள்ளே இருக்கிறது. அப்படியானால் லைலின் நகம்கூட அவள் மாவட்டத்தில் இல்லை!

மைதானக் கொட்டகையிலிருந்து லைலின் மிஷினைக் கொண்டுவரச் சொல்லி, மஞ்சள் நாடாவுக்கு வெளியே நின்று ஒருமுறை அளந்தாள். நம்பாமல் மறுபடி அளந்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு விலங்கைக் கழற்றினாள்.

"எடுத்துக்கோ ஹுடாக். உன் பிணம், உன் கொலைகாரன். வாக்குமூலத்தோட சேத்துத் தர்றேன். இதையாவது தொலைச்சுடாதே."

ஹுடாக் தன் விலங்கைத் தேடி எல்லாப் பையிலும் கைவிட்டார். உபயோகித்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஆர்வில் விலங்கைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"அப்போ... இப்ப நான் ஃபேர்னு சொன்னேனே... அது?"

"தப்பு," என்றாள் வெர்லீன்.

அம்பயர் புல்லில் உட்கார்ந்து அழுதார். லைலுக்காகக் கொஞ்சம், கோட்டுக்காக மீதி.

ஹுடாக்கே இளகிவிட்டார். பக்கத்தில் குந்தி அவர் தோளில் கை போட்டார்.

"விடு அம்பயரே. இனிமே நீ கோடு பாக்க வேண்டியதே இல்ல. கம்பிதான் எண்ணணும்... மொத்தமே பதினாலு கம்பி. அதுல தப்பு வராது!"